ஒத்து

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கடலாடப் புறப்படுவார். ஊர் விருத்தாசலத்துக்குத் தென்கிழக்கே, உள்நாட்டில் இருக்கிறது. கடல் கிழக்கே, சிதம்பரத்தையும் தாண்டிக் கிள்ளையில். வழியில் ஊர் ஊராக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு போய்ச் சேர வேண்டிய தூரம். கிள்ளைப் பக்கத்தில் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு வரவேற்று மரியாதை செய்கிறார்கள். கோயில் தரப்பிலும் பதில் மரியாதை உண்டு. நாயக்கர் காலத்துத் தூண்களில் குதிரை வீரர்கள் பாய்ந்து நிற்கும் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கோயிலுக்கு, சுயம்வ்யக்த தலங்கள் எட்டில் ஒன்று என்ற பெருமையோடு இந்தக் கடல் யாத்திரையும் தனிப் பெருமை.

இப்படிப்பட்ட புறப்பாடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெருமாளின் அலங்காரத்தைச் சொல்வார்கள், கூட்டத்தைச் சொல்வார்கள், நாதஸ்வரக்காரர் எந்த ராகத்தை எடுத்தார் என்று சொல்வார்கள், தவில்காரரின் கை வேகத்தைச் சொல்வார்கள். மேளக் கூட்டத்தில் இன்னொருவரும் இருந்தார். பழைய புகைப்படங்களில் பாதி முகம் மறைந்து, பின்வரிசையில் நிற்பார். கையில் நாதஸ்வரம் போலவே ஒரு குழல். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் கிடையாது. சுருதி சேர்க்க அடிப்பக்கம் சில துளைகள் மட்டும். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வார்கள். அந்தக் குழலுக்குப் பெயர் ஒத்து. ஊதுகிறவரின் வேலை ஒரே ஒரு ஸ்வரம்: ஆதார ஷட்ஜம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, இடைவெளி விழாமல் மணிக்கணக்கில் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். குருவின் மேளத்தில் சேரும் பிள்ளைகள் பலருக்கும் முதல் உத்தியோகம் அதுதான்.

தமிழ் அவருக்குக் கொடுத்த கூலி ஒரு வசவு. சொந்தக் கருத்தில்லாமல் அடுத்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்கிறோம். ஒத்து நின்ற நிமிடமே நாதஸ்வரக்காரருக்குக் காலடித் தரை போய்விடும் என்பது மேளக்காரர்களுக்குத் தெரியும். மொழிக்கு அது எட்டவில்லை.

1966-ம் ஆண்டு ஏப்ரலில், லண்டன் அபே ரோட்டில் இருந்த இஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தில், உலகத்திலேயே அதிகம் அறியப்பட்ட நான்கு இளைஞர்கள் ஒத்து ஊதுவதன் அருமையைக் கண்டுகொண்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் கதையை எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கூச்சல், தலைமுடி, கோடிகள், ரிஷிகேசம், பிரிவு. சுருதியின் பக்கமிருந்து பார்த்தால் அதே கதை வேறொரு வடிவம் எடுக்கிறது. அந்த வடிவத்தில் தமிழர் சிலருக்கும் இடமுண்டு, பெரும்பாலும் பின்வரிசையில்.

முதலில் கூச்சல். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்காவில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியபோது ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டு அரங்கில் 55,600 பேர் கூடினார்கள். அதற்கென்றே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுத்திருந்தது. பாட்டு, பந்தாட்ட அறிவிப்புக்காக வைத்திருந்த ஒலிபெருக்கிகளின் வழியே போயிற்று. மேடையில் இருப்பவர்கள் தங்கள் இசையைத் தாங்களே கேட்க இன்று வைக்கிற மானிட்டர் பெட்டி அன்று இல்லை. பெண்பிள்ளைகளின் அலறலில் எதுவும் காதில் விழவில்லை. முன்னால் நிற்பவர்களின் முதுகும் தலையும் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்து டிரம்ஸ் வாசித்ததாக ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாலு வீதிக்குக் கேட்கும்படி மைக் இல்லாமல் வாசித்துப் பழகிய நம் மேளக்காரர்களுக்கு இந்த அவஸ்தை விசித்திரமாகப் படும். சுருதி காதில் விழாத மேடையில் யாருக்கும் வாசிக்கப் பிடிக்காது. ஒரு வருடம் கழித்து, 1966 ஆகஸ்ட் 29 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பதினோரு பாட்டுகளை அரை மணி நேரத்தில் பாடி முடித்துவிட்டு, டிக்கெட் போட்டுக் கச்சேரி செய்வதையே அவர்கள் விட்டுவிட்டார்கள்.

அதற்குள் குழுவின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசனின் காது வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1965-ல் 'ஹெல்ப்!' படப்பிடிப்பில் ஓர் இந்திய உணவகக் காட்சி. அங்கே வைத்திருந்த சிதாரை எடுத்துப் பார்த்ததில் ஆரம்பித்தது ஈடுபாடு. பிறகு லண்டன் ஆக்ஸ்போர்டு வீதிக் கடையொன்றில் ஒரு சாதாரண சிதாரை வாங்கி, அந்த அக்டோபரில் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் வாசித்தார். உலகம் சிதாரைப் பிடித்துக்கொண்டது. பத்திரிகைகள் எழுதின, மற்ற ராக் குழுக்கள் சிதாருக்கு ஓடின. ஆனால் அந்தப் பாட்டில் சிதார் செய்தது கிட்டாரின் வேலைதான். மெட்டை இன்னொரு குரலில் சொன்னது, அவ்வளவே. மேற்கத்திய இசையின் அஸ்திவாரம் அதனால் அசையவில்லை.

அசைத்தது தம்புரா. 1966 ஏப்ரல் 6 அன்று பதிவைத் தொடங்கிய 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டு, தம்புராவின் ரீங்காரத்தோடுதான் திறக்கிறது. வாசித்தவர் ஹாரிசன்.

தம்புராவைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் ரகசியம் தெரியும். தஞ்சாவூரில் பலா மரத்தில் கடைவது. குடம், தண்டி, நான்கு பிரடை, நான்கு தந்தி. பஞ்சமம் ஒன்று, நடுவில் இரண்டு சாரணை, கடைசியில் மந்தர ஷட்ஜம். தந்திகளைக் கூட்டி முடித்த பிறகும் அது வெறும் கம்பிச் சத்தமாகத்தான் கேட்கும். அப்போது தம்புராக்காரர் ஒரு பருத்தி நூலை எடுப்பார். குதிரையின் மேல், தந்திக்கும் பலகைக்கும் நடுவே அந்த நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்துவார். ஓர் இடத்தில், திடீரென்று, தந்தி பூத்துக்கொள்ளும். மீட்டிய ஒரு ஸ்வரத்துக்குள்ளிருந்து மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். காந்தாரம்கூடத் தானாகப் பேசும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். ஒரு நூல் இழையை உயிர் என்று அழைத்தவர்களின் காது எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!

மேற்கத்திய பாட்டு கார்டு மாறி மாறி நடப்பது. மூன்று கார்டு, நான்கு கார்டு என்று வீடு மாற்றிக்கொண்டே போகும். 'டுமாரோ நெவர் நோஸ்' கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கார்டில் உட்கார்ந்துவிட்டது. தம்புரா பிடித்த ஷட்ஜத்தை விட்டு அஸ்திவாரம் நகரவே இல்லை. அதன் மேல் ரிங்கோவின் ஒரே மாதிரியான தாளம். குழுவைச் சேர்ந்த மெக்கார்ட்னி வீட்டில் செய்து கொண்டுவந்த டேப் வளையங்கள். மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போல் தன் குரல் கேட்க வேண்டும் என்ற, பாட்டைப் பாடிய லென்னானின் ஆசை. ஜெஃப் எமரிக் என்ற 20 வயது ஒலிப்பதிவாளர் அவர் குரலை ஆர்கனுக்கு வைக்கும் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியே செலுத்தினார். பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்த டேப் வளையங்கள் கட்டடத்தின் பல அறைகளில் ஒரே நேரத்தில் ஓடின. இத்தனை விநோதத்துக்கும் கீழே கால் ஊன்றி நின்றது தம்புரா. பீட்டில்ஸ் அந்தப் பாட்டை மேடையில் ஒருமுறைகூடப் பாடியதில்லை. ஷே அரங்கத்தின் கூச்சலில் தம்புராவுக்கு ஏது இடம்?

அதன் பிறகு தம்புரா அவர்களுடைய பாட்டுகளில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. 'கெட்டிங் பெட்டர்' பாட்டின் பிற்பகுதியில், 'லூசி இன் தி ஸ்கை வித் டைமண்ட்ஸ்' பாட்டில், 'அக்ராஸ் தி யூனிவர்ஸ்' பாட்டில். இந்திய இசை என்றே நினைக்காமல் கோடிக்கணக்கானவர்கள் அவற்றைக் கேட்டிருக்கிறார்கள்.

ஹாரிசன் நாட்டம் மட்டும் கொண்டு நிற்கவில்லை. 1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் நால்வரும் டெல்லியில் இறங்கினார்கள். கன்னாட் பிளேஸ் ரிக்கி ராம் கடையில் வாத்தியங்கள் வாங்கினார்கள். செப்டம்பரில் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து பண்டிட் ரவிசங்கரிடம் முறைப்படி சிதார் கற்கத் தொடங்கினார். 1968 பிப்ரவரியில் ரிஷிகேசம் போனது ஊரறிந்த கதை.

இவற்றின் நடுவே 1967 மார்ச்சில் பதிவான 'வித்தின் யூ வித்தவுட் யூ' பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் கணக்கில் ஹரிகாம்போதி மேளத்துக்கு இணையான கமாஜ் தாட்டில் அமைந்த பாட்டு அது. ஹாரிசனைத் தவிர மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் இல்லை. வாசித்தவர்கள் லண்டனில் ஆயனா அங்காடியும் அவர் மனைவி பட்ரீஷியாவும் நடத்திவந்த ஏஷியன் மியூசிக் சர்க்கிள் வழியாக வந்த இந்தியர்கள். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் வாத்தியம் தொட்டவர்கள். 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு வெளிவந்தபோது அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. முந்தைய ஆண்டு வெளிவந்த 'ரிவால்வர்' இசைத்தட்டில் தபலா வாசித்த அனில் பகவத்துக்காவது பெயர் போட்டிருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017-ல்தான், லிவர்பூல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களின் தேடலில் பெயர்கள் வெளிச்சத்துக்கு வந்தன: தில்ருபா அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், தபலா நட்வர் சோனி, தம்புரா புத்ததேவ் கன்சாரா.

உலகில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் ஒன்றில் தம்புரா மீட்டியவர் யார் என்று தெரிந்துகொள்ள உலகத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. ஒத்துக்காரர்களின் விதி கடல் தாண்டியும் மாறவில்லை.

தமிழருக்கும் இதில் இடமுண்டு என்று சொன்னது இங்கேதான் வருகிறது.

காந்தியின் 'ஹரிஜன்' இதழில் ஆசிரியப் பொறுப்பு வகித்த சாஸ்திரி என்ற தமிழர் ஒருவரின் பெண்கள் லட்சுமியும் கமலாவும். 1926-ல் ஜாம்ஷெட்பூரில் பிறந்த லட்சுமி, சென்னையில் கந்தப்பா பிள்ளையிடம் பரதம் கற்றார். பாலசரஸ்வதிக்குக் குருவாக இருந்த அதே கந்தப்பா பிள்ளை. பிறகு ரவிசங்கரின் அண்ணன் உதயசங்கரின் அல்மோரா கலைக் கூடத்தில் சேர்ந்து, அவருடைய தம்பி ராஜேந்திர சங்கரை மணந்தார். நுரையீரல் நோய் வந்து ஆட முடியாமல் போனபோது, ஆட்டத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பாட்டுக்கு வந்தார். ஹிந்துஸ்தானி பாடகி லட்சுமி சங்கர் ஆனார். தங்கை கமலா, திரைப்பட இயக்குநர் அமியா சக்ரவர்த்தியின் மனைவி. கணவர் மறைந்த பின் ரவிசங்கரின் வாழ்க்கைத் துணையாக இருந்தவர்.

1971 ஆகஸ்ட் 1. நியூயார்க் மேடிசன் சதுக்கத் தோட்டம். வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஹாரிசன் ஏற்பாடு செய்த கச்சேரி அது. ஒரே நாளில் இரண்டு காட்சிகள். ரிங்கோ வந்தார், எரிக் கிளாப்டன் வந்தார், பாப் டிலன் வந்தார். நட்சத்திரங்களை வைத்து அகதிகளுக்காகப் பணம் திரட்டும் பெரிய ராக் கச்சேரி என்ற வழக்கமே அங்கிருந்துதான் கிளம்பியது. முதல் பகுதி இந்திய இசை. ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோட், அல்லா ரக்கா தபலா. அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும், பாட்டே முடிந்துவிட்டது என்று நினைத்து அரங்கம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் கச்சேரி இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் சிரித்த முகத்தோடு சொன்னார். இந்தச் சம்பவத்தை நூறு பேர் எழுதியிருக்கிறார்கள், மேற்கின் அறியாமைக்கு உதாரணமாக. வேறு மாதிரியும் அதைக் கேட்கலாம். அன்று வாசிப்புக்கு முன்பே ராக் ரசிகர்களின் கைதட்டலை வாங்கியது சுருதி. அந்தச் சுருதியைத் தம்புராவில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவர் கமலா சக்ரவர்த்தி. 1967-ல் மான்டரே விழாவில் ரவிசங்கர் வாசித்தபோதும் தம்புரா அவரிடம்தான் இருந்தது. மேடையில் பேசாத, தனியாவர்த்தனம் இல்லாத ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்.

அக்கா லட்சுமிக்கு முன்வரிசை கிடைத்தது. ஹாரிசன் தயாரித்து 1974-ல் வெளிவந்த 'ஐ ஆம் மிஸ்ஸிங் யூ' ரவிசங்கர் மேற்கத்திய பாணியில் எழுதிய பாட்டு. ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் போன்றவர்களின் வாத்தியத்துக்கு மேலே கேட்கும் குரல் லட்சுமி சங்கருடையது. அந்தச் செப்டம்பர் 23 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் இந்தியக் கலைஞர்களின் பெரும் குழுவொன்று வாசித்தது. ஹரிபிரசாத் சௌராசியா, சிவ்குமார் சர்மா, அல்லா ரக்கா என்று வடக்கின் ஜாம்பவான்கள். அவர்களோடு வயலினில் எல்.சுப்பிரமணியம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் சென்னைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. மிருதங்கத்தில் டி.வி.கோபாலகிருஷ்ணன், திருப்பூணித்துறையில் பிறந்து, செம்பை வைத்தியநாத பாகவதரின் வழியில் வந்து, சென்னையை வீடாக்கிக்கொண்டவர்.

அந்தக் குழு நவம்பரில் ஹாரிசனோடு வட அமெரிக்காவுக்குப் போனது. பிரிந்துபோன பீட்டில்ஸில் ஒருவர் அங்கே தனியாகச் சுற்றுப்பயணம் செய்வது அதுவே முதல் முறை. ஏழு வாரங்களில் சுமார் 45 நிகழ்ச்சிகள். ஹாரிசனுக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரல் கரகரத்தது. வந்தவர்கள் பழைய பீட்டில்ஸ் பாட்டுகளைக் கேட்க வந்தவர்கள். தபலாவும் மிருதங்கமும் முடியட்டும் என்று பல இடங்களில் பொறுமை இழந்தார்கள், பத்திரிகைகளும் கடுமையாக எழுதின. சிகாகோவில் ரவிசங்கருக்கு மாரடைப்பு. அவர் இல்லாத நிகழ்ச்சிகளில் இந்தியக் குழுவை நடத்திச் சென்றவர் லட்சுமி சங்கர். ராக் கூட்டத்தின் முன்னால் அத்தனை ஜாம்பவான்களையும் கையசைத்து நடத்திய அந்தப் பெண்மணியின் படம் தமிழ்நாட்டு இசைப் பள்ளிகளின் சுவரில் இருக்க வேண்டும். 2013-ல் கலிபோர்னியாவில் அவர் காலமானபோது இங்கே அது பெரிய செய்தியாகவில்லை.

டி.வி.கோபாலகிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். பின்னாளில் அவரிடம் கர்நாடக இசை கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் இளையராஜா. ஹாரிசனின் மேடையில் மிருதங்கம் வாசித்த கையே இளையராஜாவுக்கும் பாடம் சொல்லியிருக்கிறது. கதையின் மறுபாதி இங்கே தொடங்குகிறது.

லண்டன்காரர்கள் நம்மிடமிருந்து பின்வரிசை வாத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றால், நாமும் அவர்களிடம் பின்வரிசையைத்தான் எடுத்துக்கொண்டோம். பீட்டில்ஸ் பாட்டுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் பாட்டாக வந்து சேரவில்லை. பட்டணத்துக் கல்லூரி விடுதிகளிலும் இசைத்தட்டு வாங்க வசதியுள்ள வீடுகளிலும் நின்றுவிட்டன. கிராமத்துக்கு வந்தது அவர்களைப் போன்ற குழுக்கள் பரப்பிய வாத்திய வரிசை: மின்சார கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ். அதைச் சுமந்து வந்த வண்டி சினிமா. எட் சல்லிவன் நிகழ்ச்சி நடந்த அதே 1964 பிப்ரவரியின் கடைசியில் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்தது. ஸ்ரீதரின் படம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. வேலை கேட்டு இளைஞர்கள் கூத்தடிக்கும் பாட்டில் ட்விஸ்ட் தாளத்துக்கு ஊரே ஆடியது. பீட்டில்ஸின் லிவர்பூலில் இருந்து நகல் எடுக்க வேண்டிய அவசியமே மெல்லிசை மன்னர்களுக்கு இருக்கவில்லை. காற்றில் இருந்ததைப் பிடித்துத் தமிழாக்கிவிட்டார்கள்.

பேஸ் கிட்டார் நம்மூர்க் காதுக்கு எட்ட மட்டும் வெகுகாலம் ஆயிற்று. அதற்குக் காரணம் குழாய் ஒலிபெருக்கி. பனைமரத்திலும் பந்தல் கம்பத்திலும் கட்டும் கூம்புக் குழாய்க்கு நடுத்தரச் சத்தம்தான் வரும். அடி ஸ்வரங்களை அது விழுங்கிவிடும். டிரான்சிஸ்டர் ரேடியோவின் கையகல ஸ்பீக்கரும் அப்படியே. இலங்கை வானொலியில் கேட்ட பாட்டுகளின் கீழ்த்தளம் பாதிப் பேருக்குத் தெரியாமலே போனது. லண்டனிலும் இதே குறை இருந்தது என்பது ஆச்சரியம். பேஸ் அதிகமானால் இசைத்தட்டில் ஊசி துள்ளிவிடும் என்று இஎம்ஐ பொறியாளர்கள் அடக்கியே பதிவு செய்தார்கள். 1966-ல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவின்போது எமரிக் ஒரு பெரிய ஒலிபெருக்கியையே மைக்காகத் திருப்பி வைத்து மெக்கார்ட்னியின் பேஸைப் பிடித்தார். மெக்கார்ட்னி அந்த வாத்தியத்துக்கு ஆசைப்பட்டு வந்தவரல்ல. 1961-ல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் குழுவை விட்டுப் போனதும், வேறு யாரும் எடுக்காததால் பேஸ் அவர் தலையில் விழுந்தது. அதையே அவர் பாட வைத்தார். 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' காலத்தில் மற்ற எல்லாம் முடிந்தபின் கடைசியாகத் தனியே உட்கார்ந்து பேஸ் வாசித்துச் சேர்த்தார். அதனால் அது மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாக ஓடியது.

தமிழில் அந்த வேலையைச் செய்தவர் இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனின் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வு எழுதியவர். எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் மேடைக் குழுவில் அவரும் சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்த காலம் உண்டு. மேடையில் கிட்டார் பிடித்து நின்றவர் என்பதால் பாட்டின் கீழ்த்தளத்தில் என்ன நடக்க வேண்டும் என்று விரல் வழியாகத் தெரிந்தவர். 1976-ல் 'அன்னக்கிளி'. பின்வந்த பத்தாண்டுகளில் சசிதரனின் பேஸ் கிட்டாரும் புருஷோத்தமனின் டிரம்ஸும் சதானந்தத்தின் கிட்டாரும் தமிழ் வீடுகளின் சொத்தாயின. டேப் ரெக்கார்டரும் பெட்டி ஸ்பீக்கரும் ஊருக்குள் வந்தது அப்போதுதான். பானைக்குள் ஸ்பீக்கரைக் கவிழ்த்து பேஸ் ஏற்றிய டீக்கடைகள் ஏராளம். அடி ஸ்வரம் வேண்டும் என்ற ஏக்கம் அவ்வளவு இருந்தது.

1979-ல் பாலசந்தர் 'நினைத்தாலே இனிக்கும்' எடுத்தார். பாட்டுக் குழு ஒன்று சிங்கப்பூருக்குக் கச்சேரிக்குப் போகிற கதை. கமல், ரஜினி, சுஜாதாவின் எழுத்து, எம்.எஸ்.விஸ்வநாதனின் இசை. விமானத்தில் இறங்கி, ரசிகர் கூட்டத்தில் நீந்தி, மேடையில் கிட்டாரோடு துள்ளும் வாழ்க்கையைத் தமிழ்ப் பையன்கள் திரையில் முழுசாகப் பார்த்தது அதில்தான். கிட்டார் வாங்கக் காசு இல்லாதவர்கள் துடைப்பத்தைப் பிடித்து ஆடினார்கள். பிடித்தவர்களில் சிலர் நிஜமாகவே வாங்கினார்கள்.

அவர்களால் உருவானதுதான் ஆர்கெஸ்ட்ரா என்று ஊர்களில் சொல்லும் மெல்லிசைக் குழு. சென்னையில் ஏ.வி.ரமணனின் மியூசியானோ, பிறகு லக்ஷ்மன் ஸ்ருதி போன்ற குழுக்கள் பெரிய மேடைகளைப் பிடித்தன. சிறு நகரங்கள் ஒவ்வொன்றிலும் உள்ளூர்க் குழுக்கள் முளைத்தன. விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ்களில் பகலுக்கு மேளம், இரவுக்குப் பாட்டுக் கச்சேரி என்று இரண்டும் அடுத்தடுத்த வரியில் இடம்பிடித்தன. லாரிப் பலகையிலோ சவுக்குக் கம்பு கட்டியோ மேடை. முன்னால் மைக் பிடித்த பாடகர்கள், பட்டுப் புடவையில் பாடகி, நடுவே கீபோர்டு. பின்னால் டிரம்ஸ், பேட், தபலா. ஓரத்தில், விளக்கு சரியாகப் படாத இடத்தில், பேஸ் கிட்டார். பாடுகிறவர்கள் ஆடுவார்கள், கை தட்டச் சொல்வார்கள். பேஸ்காரர் அசையாமல் நிற்பார். அவர் ஒரு ஸ்வரம் தவறினால் பாடகர் திரும்பிப் பார்ப்பார். தவறாத வரையில் யாரும் பார்ப்பதில்லை.

மெல்லிசைக் குழுக்களின் வரலாற்றை எழுத வேண்டும் என்று யாராவது உட்கார்ந்தால் பாடகர்களின் பெயர் கிடைத்துவிடும். இந்தப் பின்வரிசையின் பெயர்கள் கிடைக்காது. பலர் பகலில் பட்டறையிலும் அரசு அலுவலகத்திலும் இருந்துவிட்டு இரவில் வாசித்தவர்கள், ஏஷியன் மியூசிக் சர்க்கிள்காரர்களைப் போலவே. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது அவசரமான வேலை.

ஒத்துக்கு என்ன ஆயிற்று? முதல் அடியைக் கொடுத்தவர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையே. கச்சேரி மேடையில் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். தெருவுக்குத் தம்புரா ஒத்துவராது என்பதால் புறப்பாட்டில் ஒத்துக்காரர் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தார். துருத்தி வைத்த சுருதிப்பெட்டி வந்தது. 1970-களின் இறுதியில் பெங்களூரு ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தார். ஒரு முழு ஆளுக்குக் கூலி மிச்சம். மேளத்துக்குக் கிடைக்கும் பணத்தை ஒரு பங்கு குறைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்ற நிலையில் எந்த நாதஸ்வரக்காரரையும் குறை சொல்ல முடியாது. மூச்சடக்கி ஷட்ஜம் பிடிக்கத் தெரிந்தவர்கள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள்.

ஆனால் சுருதி இல்லாமல் புறப்பாடு கிளம்புவதில்லை. இப்போதெல்லாம் வீதி உலாவில் கவனித்தால், தவில்காரருக்குப் பின்னால் ஒரு பையன் தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்து வருவான். பைக்குள் சுருதிப்பெட்டி, ஒரு சிறிய ஸ்பீக்கர். மல்லாரி முடிந்து ராகம் தொடங்குவதற்கு முன் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழே இறக்குவார். சீவாளியைக் கழற்றி வாயில் வைத்து ஈரப்படுத்துவார், சரிப்படவில்லை என்றால் கயிற்றில் தொங்கும் இன்னொன்றை எடுத்துப் பொருத்துவார். தவில்காரர் விரல் கூடுகளைச் சரிசெய்துகொள்வார். பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றிக்கொள்வார்கள். அந்த அரை நிமிடத்தில் வீதியில் கேட்பது பையனின் தோளிலிருந்து வரும் ஷட்ஜம் மட்டும்தான்.